பவுடர் கோட்டிங் ஓரத்தில் மட்டும் உரிகிறது, போல்ட் ஏறவில்லை: டெலிவரிக்கு முந்தைய வேலைகளை எந்த வரிசையில் செய்கிறீர்கள்?

தகட்டுக்காரன்:

வணக்கம். எங்களுடையது சின்னப் பட்டறை. வாடிக்கையாளர் கொடுக்கும் ட்ராயிங்கின்படி பிராக்கெட், மெஷின் கவர், கன்ட்ரோல் பெட்டி, சின்ன ஃபிரேம் மாதிரியான வேலைகள். பெரும்பாலும் 2 முதல் 8 மி.மீ. வரை எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு, நடுநடுவே கொஞ்சம் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு), கொஞ்சம் அலுமினியம். லேசர் கட்டிங் வெளியே, பெண்டிங்கும் வெல்டிங்கும் எங்களிடம், பவுடர் கோட்டிங் (வண்ணத் தூளை ஒட்டவைத்து ஓவனில் சுட்டு எடுக்கும் பூச்சு) மறுபடியும் வெளியே.

வெட்டு அளவிலோ பெண்டிங்கிலோ பெரிய புகார் இல்லை. எல்லாத் தொல்லையும் கடைசிக் கட்டத்தில்தான். தகட்டின் மேல்பரப்பில் கோட்டிங் கல்லு மாதிரி இருக்கிறது, ஆனால் வெட்டு ஓரத்தில் நகத்தால் கீறினாலே நாடா மாதிரி உரிந்து வருகிறது. எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) மரை போட்ட ஓட்டைகளில் போல்ட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. நல்ல நிலையில் அனுப்பிய பாகங்கள் அங்கே போய்ச் சேரும்போது தேய்ந்த தடங்களோடும், சிலவற்றில் பபிள் ஷீட்டின் வட்டம் வட்டமான அச்சோடும் இருக்கின்றன. கோட்டிங் இல்லாமல் அனுப்பிய ஷாஃப்ட் பிளேட்டுகள் பாலிதீன் பைக்குள்ளேயே துரு பிடித்துவிட்டதாக ஒரு புகார்.

கோட்டிங் செய்பவரைக் கேட்டால் "உங்கள் ஓரம் சரியில்லை" என்கிறார். லேசர்காரரைக் கேட்டால் "பவுடர் சரியில்லை" என்கிறார். நடுவில் நாங்கள். இதில் யார் சொல்வது சரி, பிசிறு எடுப்பதிலிருந்து பெட்டியில் கட்டுவது வரை நீங்கள் என்ன வரிசையில் செய்கிறீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய பட்டறை:

தம்பி, ஓரம் உரிவதைப் பொறுத்தவரை உங்கள் கோட்டிங்காரர் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். லேசர்காரர் எம்எஸ் தகட்டை எந்த கேஸில் வெட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள். ஆக்சிஜனில் வெட்டினால் இரும்பு அங்கேயே எரிந்து, வெட்டு முகம் முழுக்க மெல்லிய கருஞ்சாம்பல் நிற ஆக்சைடு படலம் உருவாகும். பார்க்க வழவழவென்று அழகாகவே இருக்கும், அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பவுடர் அந்தப் படலத்தை நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது, ஆனால் படலம் இரும்பைப் பிடித்துக்கொள்வதில்லை. தகடு கொஞ்சம் வளைந்தாலோ அடிபட்டாலோ இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். உரிந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ஆக்சைடுதான், கோட்டிங் மேல் பழி போட வேண்டாம். அடிப்பக்கம் சுத்தமாக, பவுடரின் நிறத்திலேயே இருந்தால் எண்ணெய், சரியாகச் செய்யாத கழுவல், வேகாத பவுடர் இவற்றில் ஒன்று. அப்போது கோட்டிங் பக்கம் போய் விசாரிக்கலாம்.

கோட்டிங் கடையில் பாகத்தைக் கழுவும் கார மருந்து எண்ணெயையும் அழுக்கையும்தான் எடுக்கும். இந்த ஆக்சைடை அது தொடாது. பலர் ஏமாறுவது இங்கேதான், "அவர்களே ஏழு தொட்டியில் முக்கி எடுக்கிறார்களே, அதில் போகாதா" என்று. அமிலத் தொட்டி இருந்தால் போகும், இல்லாவிட்டால் போகாது. அதனால் உங்களுக்கு உள்ள வழிகள்: மெல்லிய தகடுகளை நைட்ரஜனில் வெட்டச் சொல்வது (ஓரம் வெள்ளியாக வரும், கேஸ் செலவு அதிகம், தடிமன் ஏற ஏற அந்தச் செலவும் ஏறும்), அல்லது ஓரங்களை ஃபிளாப் டிஸ்க்கால் தேய்ப்பது, அல்லது அமிலத்தில் முக்குவது, அல்லது ப்ளாஸ்டிங் (மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது). டிஸ்க் வெளி ஓரத்துக்குச் சரி, சின்ன ஓட்டைகளுக்குள்ளும் நுணுக்கமான வெட்டுகளுக்குள்ளும் போகாது. அப்படி ஓட்டைகள் நிறைந்த பாகமாக இருந்தால் அமிலமோ ப்ளாஸ்டிங்கோதான். 2 மி.மீ. தகட்டில் ப்ளாஸ்டிங் செய்யும்போது கவனம், ஒரே பக்கம் அடித்தால் தகடு வில் மாதிரி வளைந்துவிடும்.

இன்னொன்று. நைட்ரஜனில் வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆக்சைடு இருக்காது, ஆனால் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். ஓவனில் பவுடர் உருகும்போது கூர்மையான முனையிலிருந்து இரண்டு பக்கமும் விலகிப் போகும், முனையில் மிஞ்சுவது ரொம்ப மெல்லிசு. அது உரியாது, ஆனால் கொஞ்ச நாள் கழித்து அந்த ஓரம் முழுக்க நேர்கோடாகத் துரு எட்டிப் பார்க்கும். ஆக உரிந்து வந்தால் ஆக்சைடு, உரியாமலேயே கோடாகத் துரு வந்தால் கூர்முனை. பெயின்டுக்கு முன் இரும்பைத் தயார் செய்வதற்கான ஐ.எஸ்.ஓ. 8501-3 தரத்தில் பி1, பி2, பி3 என்று மூன்று நிலை உண்டு. மிகக் கடுமையான பி3-யில் ஓரங்களை 2 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருட்டச் சொல்கிறது. அது வெளியில் வெயில் மழையில் நிற்கும் கனமான கட்டுமானங்களுக்கு. கட்டடத்துக்குள் இருக்கும் 3 மி.மீ. பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை, சாத்தியமும் இல்லை. கையால் தடவினால் வெட்டாத அளவுக்கு, அரை மில்லிமீட்டர் உருண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வெல்டிங்கும் உங்களிடமே என்றால் இதையும் பாருங்கள். மிக் (கம்பி ஊட்டிச் செய்யும்) வெல்டிங் முடிந்ததும் வெல்டிங் கோட்டின் மேல் அங்கங்கே பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரிப் பொட்டுகள் இருக்கும், கம்பியில் உள்ள சிலிக்கானும் மாங்கனீசும் மேலே மிதந்து வந்து உறைந்தது. அதன் மேல் பவுடர் பிடித்த மாதிரி இருக்கும், பின்னால் பொட்டோடு சேர்ந்து தெறிக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் பளபளப்பாகுமே தவிரப் போகாது. சிப்பிங் செய்து, டிஸ்க் ஓட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்பேட்டர் (வெல்டிங்கில் தெறிக்கும் உலோகத் துளி) ஒட்டாமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரேயில் சிலிகான் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சிலிகான் இருந்தால் கோட்டிங்கில் மீன் கண் மாதிரிக் குழிகள் வரும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது.

---

மரைஅளவு:

போல்ட் ஏறாததற்குக் கணக்கே போதும். பவுடர் ஒரு கோட் சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான். 60 டிகிரி மரையில் ஒவ்வொரு சரிவிலும் ஒரு படலம் ஏறினால், பிட்ச் விட்டத்தில் (மரைச் சரிவின் நடுவில் கணக்கிடும் விட்டம்) அந்தத் தடிமனின் நாலு மடங்கு மாறும். 70 மைக்ரான் என்று வைத்தால் 0.28 மி.மீ. சாதாரண எம்6 நட்டு மரைக்கு, அதாவது 6எச் தரத்துக்கு, பிட்ச் விட்டத்தில் அனுமதிக்கும் மொத்த வித்தியாசமே 0.15 மி.மீ. எங்கே ஏறும்?

ஜிங்க் பிளேட்டிங்கிலும் (மின்சாரத்தால் துத்தநாகம் படியவைப்பது) இதே கணக்குத்தான், அளவுதான் சின்னது. 6ஜி என்ற போல்ட் மரைத் தரத்தில் செய்த எம்6 போல்ட்டில் பிளேட்டிங்குக்காக விட்டிருக்கும் இடைவெளி 26 மைக்ரான். நாலால் வகுத்தால் ஆறரை மைக்ரான். நீங்கள் பாட்டுக்கு 12 மைக்ரான் ஜிங்க் கேட்டால் போல்ட் மரை சோதிக்கும் கேஜில் நிற்காது. அதனால் வெளி மரைக்கு ஜிங்க் போடுவதாக இருந்தால், எவ்வளவு மைக்ரான் என்று முடிவு செய்துவிட்டு அதற்குத் தகுந்தபடி மரையைக் குறைத்து வெட்ட வேண்டும்.

அலுமினியத்தை அனோடைஸ் செய்யும்போது (மின்சாரத்தால் அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) படலத்தில் சுமார் பாதி உலோகத்துக்குள்ளே போகிறது, பாதிதான் வெளியே வளர்கிறது. ஹார்டு அனோடைசிங் 50 மைக்ரான் என்றால் ஒரு முகத்துக்கு 25 மைக்ரான் வளர்ச்சி, ஓட்டையின் விட்டம் 0.05 மி.மீ. குறையும். பேரிங் உட்காரும் ஓட்டையில் இது உயிர் போகிற விஷயம்.

ட்ராயிங்கில் உள்ள அளவு கோட்டிங்குக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதி ட்ராயிங்குகளில் இது இருக்காது. கேட்டால் வாடிக்கையாளருக்கே தெரியாமல் இருக்கும், அவரும் யோசித்துச் சொல்வார், அதில் தப்பில்லை. மரை, பேரிங் ஓட்டை, எர்த்திங் தொடும் இடம், ஒன்றோடொன்று உரசும் முகம், இவற்றையெல்லாம் ட்ராயிங்கின் ஒரு பிரதியில் சிவப்பில் வட்டமிட்டுக் கோட்டிங்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பெட்டி செய்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பவுடர் இருந்தால் அந்தக் கதவு எர்த் ஆகவே ஆகாது. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

---

ஜிக்வேலை:

இவ்வளவு கணக்கு எதற்கு, கோட்டிங் முடிந்து வந்ததும் ஒரு தடவை டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிவிட்டால் போச்சு. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

---

மரைஅளவு:

பத்து ஓட்டை என்றால் ஓட்டலாம். ஒரு பாகத்தில் நாற்பது ஓட்டை, அப்படி ஒரு லாட் என்றால் அந்தக் கூலியில் கோட்டிங்கின்போது ஓட்டையை அடைக்கும் சிலிகான் பிளக் வாங்கி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். பவுடர் இளகி டேப்பின் பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும், ஓட்டையின் வாயில் கோட்டிங் சில்லு பெயர்ந்து வெள்ளை விளிம்பு தெரியும். அடி மூடிய ஓட்டையில் தூள் உள்ளேயே தங்கி, போல்ட் பாதியில் முட்டும். ஜிங்க் பிளேட்டிங் ஆன பாகத்தில் டேப் ஓட்டினால் போட்ட ஜிங்க்கையே சுரண்டி எடுக்கிறீர்கள், அப்புறம் அங்கேதான் முதலில் துரு வரும். அவசரத்துக்குச் சரி, அதையே வழக்கமாக்க வேண்டாம்.

---

ஓவன் பக்கம்:

நான் கோட்டிங் தரப்பு. எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டுவது வழக்கம், அதனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மரை பற்றி முதலில். பவுடர் மின்னூட்டத்தால் ஒட்டுவது, ஆழமான ஓட்டைக்குள் அது அவ்வளவாகப் போகாது, வாயில்தான் குவியும். நீங்கள் சொன்ன "இரண்டு சுற்று ஏறி நிற்கிறது" என்பது அதற்குப் பொருந்துகிறது. வெட்டுத் தூளோ வெல்டிங் ஸ்பேட்டரோ மரையில் இருந்தாலும் இதே மாதிரி நிற்கும், அதனால் எங்களிடம் அனுப்புவதற்கு முன்னாலேயே போல்ட் விட்டுப் பார்த்துவிடுங்கள். மாஸ்கிங் (பவுடர் படக் கூடாத இடத்தை மூடுவது) செய்யச் சொன்னால் செய்வோம், சொல்லாவிட்டால் செய்ய மாட்டோம். ஓட்டை மரையா சும்மா ஓட்டையா என்று ஹூக்கில் மாட்டும் பையனுக்கு எப்படித் தெரியும்? மாஸ்கிங்குக்குத் தனி நேரம் ஆகும், அதை விலையில் பேசிவிட வேண்டும். சாதாரண மாஸ்கிங் டேப் எங்கள் ஓவன் சூட்டில் கருகிப் பசை இறங்கிவிடும், சூடு தாங்கும் பாலியெஸ்டர் டேப்தான் வேண்டும்.

அடுத்தது, எங்கே மாட்டுவது. பாகம் தொங்க ஒரு புள்ளி வேண்டும், அந்தப் புள்ளியில் கோட்டிங் இருக்காது. எந்த முகம் வெளியில் தெரியும், எது சுவருக்குப் பின்னால் போகும் என்று சொன்னால் தெரியாத இடத்தில் மாட்டுவோம். மாட்ட இடமே இல்லாத பாகத்தை அனுப்பிவிட்டு, தடம் இருக்கிறது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. ட்ராயிங் கட்டத்திலேயே ஒரு 5 மி.மீ. ஓட்டைக்கு அனுமதி வாங்கினால் இந்தப் பேச்சே வராது.

இரண்டு தகட்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெல்டிங் செய்தால் நடுவில் எண்ணெயும் எங்கள் கழுவு நீரும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஓவனில் சூடேறியதும் கொதித்து வெளியே வழியும், கோட்டிங் மேல் பழுப்புக் கோடு. மூடிய பைப்பும் அப்படித்தான், நீர் வடிய ஓட்டை வேண்டும். ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) போகும் பைப் ஃபிரேம் என்றால் இது வெறும் தரப் பிரச்சினை கிடையாது. துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி செல்சியஸ், மூடிய பைப்புக்குள் ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் வெடிக்கும், தொட்டி பக்கத்தில் நிற்பவர் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். காற்றும் நீரும் போக ஓட்டை இல்லாத பைப்பை யாரும் தொட்டியில் இறக்கக் கூடாது.

பெர்மனென்ட் மார்க்கரால் பாகத்தின் முகத்தில் எண் எழுதாதீர்கள். வெளிர் நிறக் கோட்டிங்கில் அந்த மை அப்படியே மேலே ஊடுருவித் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டினால் பசையை நீங்களே எடுத்துவிட்டு அனுப்புங்கள். கால்வனைஸ் ஆன பாகத்துக்கு மேல் பவுடர் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதை வெறுமனே ஒரு தடவை ஓவனில் சுட்டு உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊசி முனைக் குழிகளாக வரும்.

எங்கள் தரப்புத் தவறும் உண்டு, மறைக்கவில்லை. பவுடர் வேகும் சூடு பொதுவாக 180 முதல் 200 டிகிரி, 10 முதல் 20 நிமிடம், பவுடருக்குப் பவுடர் மாறும். ஆனால் அது உலோகத்தின் சூடு, ஓவன் காற்றின் சூடு அல்ல. 8 மி.மீ. பிளேட்டையும் 1 மி.மீ. கவரையும் ஒரே தடவையில் ஏற்றி ஒரே நேரத்தில் இறக்கினால் பிளேட் வேகாமல் வரும். நிறமும் பளபளப்பும் சரியாகவே இருக்கும், அடி பட்டால்தான் சில்லு சில்லாகத் தெறிக்கும். சந்தேகம் இருந்தால் எம்.இ.கே. கரைப்பானைப் பஞ்சில் நனைத்துத் தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள், நன்றாக வெந்த கோட்டிங் லேசாக மங்கினாலும் இளகாது, வேகாதது மெத்தென்று குழைந்து பஞ்சில் கறையாக வரும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளிச் செய்யுங்கள்.

---

பெட்டி கட்டுபவர்:

பேக்கிங் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

பபிள் அச்சு வருவதற்குக் காரணம் அவசரம். ஓவனிலிருந்து வந்த பாகம் தொட்டால் ஆறின மாதிரி இருக்கும், கனமான பாகத்தின் நடுவில் சூடு இருக்கும். அப்போதே பபிள் ஷீட் சுற்றி, அதன் மேல் இன்னொரு பாகத்தை அடுக்கினால் குமிழ் பதிந்துவிடும். குமிழ்ப் பக்கத்தை வெளியே வைத்துச் சுற்றுவது, முதலில் ஒரு மெல்லிய ஃபோம் ஷீட் சுற்றி அதற்கு மேல் பபிள் சுற்றுவது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். முழுசாக ஆறும் வரை ஸ்டாண்டில் தொங்கட்டும்.

தேய்ந்த தடம் வேறு கதை. அது இறக்கும்போது வந்த அடி என்று எல்லாரும் நினைப்பார்கள், பெரும்பாலும் வழியில் வண்டி அதிரும்போது இரண்டு பாகம் மணிக்கணக்கில் உரசி வந்தது. பெட்டிக்குள் அசைவே இருக்கக் கூடாது. பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வந்தால் திரும்பப் பிரித்துக் கட்டுங்கள். ஸ்ட்ராப் இறுக்கும் இடத்தில் மூலைக் காப்பு இல்லாவிட்டால் ஸ்ட்ராப்பே கோட்டிங்கை அறுக்கும். கனமானது அடியில், நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டுகள் உள்நோக்கி. பாகங்களுக்கு நடுவில் மணல், கிரைண்டிங் தூள் இருந்தால் எவ்வளவு ஃபோம் வைத்தும் புண்ணியமில்லை, ஃபோமே எமெரித் தாளாகிவிடும்.

இப்போது பைக்குள் துரு. பாலிதீன் தண்ணீரை வெளியே நிறுத்துவது போலவே உள்ளேயும் நிறுத்தும். கழுவி ஈரம் முழுசாகக் காயாத பாகத்தையோ, வெதுவெதுப்பாக இருக்கும் பாகத்தையோ பையில் போட்டு மூடினால், இரவு குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் உலோகத்தின் மேல்தான் படியும். அதோடு வெறும் கையால் தொட்டிருந்தால் வியர்வையில் உள்ள உப்பு போதும், விரல் ரேகை அப்படியே துருவில் அச்சாக வரும். மெஷின் பண்ணிய முகத்தை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள்.

கோட்டிங் இல்லாத இரும்புக்கு வி.சி.ஐ. பை அல்லது தாள் வாங்குங்கள். அதிலிருந்து மெதுவாக வரும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து துருவைத் தடுக்கும். பை மூடியிருந்தால்தான் அது வேலை செய்யும், வாயைத் திறந்து வைத்தால் ஆவி போய்விடும், அப்புறம் அது வெறும் விலை அதிகமான பை. தாளில் மருந்து உள்ள பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்க வேண்டும், நடுவில் ஃபோம் சுற்றினால் பயனில்லை. பித்தளை, துத்தநாகம் கலந்த அசெம்பிளி என்றால் இரும்புக்கு மட்டுமான ரகத்தைப் போடாதீர்கள், பல உலோகத்துக்குமானது என்று தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டைப்பெட்டி வெறும் இரும்பை நேராகத் தொடக் கூடாது, அட்டை ஈரத்தை இழுக்கும். காயாத பச்சை மரப் பெட்டியும் அப்படித்தான், ஈரத்தோடு அமில ஆவியும் விடும். கால்வனைஸ் ஆன தகடுகளை ஈரத்தோடு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் வெள்ளைத் துரு பூக்கும், காற்றுப் போக நடுவில் குச்சி வைத்து, கொஞ்சம் சாய்வாக அடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் லாட் என்றால் மரப் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்கிறதா பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கு எச்.டி. என்ற குறி இருக்கும். இல்லாத பேலட்டைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், உள்ளே இருக்கும் பாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பிளைவுட் பேலட்டுக்கு இது தேவையில்லை.

வாங்குபவருக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய உடனே பையைப் பிரிக்க வேண்டாம், அறையின் சூட்டுக்கு வரும் வரை மூடியே இருக்கட்டும். உடனே பிரித்தால் ஈரக்காற்று பட்டு உலோகம் வியர்க்கும். துரு நீங்கள் அனுப்பியது என்றுதான் அவர் சொல்வார்.

---

தகட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பழைய பட்டறை அண்ணன் சொன்னபடி உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் நல்ல கருப்பு. லேசர்காரரைக் கேட்டதில் 3 மி.மீ.க்கு மேல் எல்லாம் ஆக்சிஜன்தானாம். அவர் நைட்ரஜனுக்கு மாறத் தயார், ஆனால் 8 மி.மீ.க்குச் சொல்லும் விலை கட்டுபடியாகாது. அதை மட்டும் டிஸ்க் ஓட்டி, ஓட்டை அதிகமான பாகங்களை அமிலத்துக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அமிலம் ஏதாவது பாகத்துக்கு ஆகாதா?

அதோடு எஸ்எஸ் பற்றியும் ஒரு கேள்வி. 304 பிராக்கெட்டில் வெல்டிங் பக்கத்தில் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறுகிறது, பஃபிங் (மெருகு) செய்து அனுப்புகிறோம். ஆனாலும் சில பாகங்களில் புள்ளி புள்ளியாகத் துரு என்கிறார்கள். எஸ்எஸ்ஸில் எப்படித் துரு?

---

பழைய பட்டறை:

அமிலம் பற்றி: ரொம்பக் கடினப்படுத்திய ஸ்டீல், அதாவது ஸ்பிரிங், 12.9 தர போல்ட் மாதிரியானவற்றை அமிலத்திலும் எலக்ட்ரோ பிளேட்டிங்கிலும் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பின்னால் சுமை ஏற்றி வைத்திருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பிளேட்டிங் முடிந்ததும் சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் நீண்ட நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். உங்கள் சாதாரண எம்எஸ் தகட்டுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெல்டிங் செய்த பாகத்தை அமிலத்தில் முக்காதீர்கள், இடுக்கில் அமிலம் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். முடிந்தால் வெல்டிங்குக்கு முன்னால், தனித்தனித் தகடாக இருக்கும்போதே முக்கி எடுத்துவிடுங்கள். எடுத்த இரும்பு நிர்வாணமாக இருக்கும், அன்றைக்கே அடுத்த வேலைக்குப் போகவில்லை என்றால் மஞ்சள் பூத்துவிடும்.

---

எஸ்எஸ் வேலை:

எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதில் உள்ள குரோமியத்தால் மேலே தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். உங்களிடம் அது இரண்டு வழியில் கெடுகிறது.

ஒன்று, அந்த மஞ்சளும் நீலமும். வெல்டிங் சூட்டில் குரோமியம் மேலே வந்து ஆக்சைடாகிவிட, அதற்கு நேர் கீழே குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு மிஞ்சும். பஃபிங் லேசாக ஓட்டினால் நிறம் போகும், அந்த அடுக்கு அங்கேயே இருக்கும். பிக்லிங் பேஸ்ட் (அமிலக் களிம்பு) தடவினால் இரண்டும் போகும். ஆனால் அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கும், தோலில் பட்டால் முதலில் வலிக்கக்கூட வலிக்காது, உள்ளே எலும்பு வரை போகும். முழுக் காப்பு உடை, பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல், கழிவு நீரைச் சமன் செய்ய ஏற்பாடு, இவை இல்லாமல் பட்டறையில் அதைத் திறக்காதீர்கள். வெளியே கொடுத்துச் செய்வதே நல்லது.

இரண்டாவது, எம்எஸ் தூள். எம்எஸ்ஸுக்கு ஓட்டிய டிஸ்க், சாதாரண இரும்பு வயர் பிரஷ், எம்எஸ் உரசிய மேஜை, பக்கத்தில் யாரோ கிரைண்டிங் செய்த பொறி, எல்லாமே எஸ்எஸ் மேல் இரும்புத் துகளைப் பதித்துவிடும். துரு பிடிப்பது அந்தத் துகள்தான், புள்ளி புள்ளியாக வருவது அதனால். எஸ்எஸ்ஸுக்கென்று தனி டிஸ்க், தனி எஸ்எஸ் பிரஷ், மேஜையில் ரப்பர் ஷீட் என்று பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே பதிந்ததைச் சிட்ரிக் அமிலப் பாசிவேஷன் (துகளைக் கரைத்து எஸ்எஸ் படலத்தை மீட்கும் கழுவல்) எடுத்துவிடும், அது கையாளவும் சுலபம். ஆனால் வெல்டிங் நிறத்தை அது எடுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். துகள் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க பாசிவேஷனுக்கான ஏ.எஸ்.டி.எம். ஏ967 தரத்தில் காப்பர் சல்ஃபேட் சோதனை உண்டு. கரைசலைத் தடவினால் இரும்பு உள்ள இடத்தில் செம்பு படிந்து சிவப்பாகத் தெரியும். உணவோடு தொடர்புள்ள பாகத்தில் அதைச் செய்யக் கூடாது.

எஸ்எஸ், அலுமினியம் தகட்டில் வரும் பிளாஸ்டிக் ஃபிலிமைப் பெண்டிங் முடியும் வரை எடுக்காதீர்கள், வெல்டிங் இடத்தில் மட்டும் உரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபிலிமோடு வெயிலில் போட்டுவிடாதீர்கள், பசை இறுகி அப்புறம் உரிக்க வராது.

---

தகட்டுக்காரன்:

கடைசியாக ஒன்று. கோட்டிங் ஆகி வந்ததும் வாங்கி வைக்கும்போது நாங்கள் என்னென்ன பார்க்க வேண்டும்? இப்போது கண்ணால் பார்த்து எண்ணி வாங்குகிறோம், அவ்வளவுதான்.

---

ஓவன் பக்கம்:

தடிமன் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். எம்எஸ்ஸுக்குக் காந்த முறை, அலுமினியத்துக்கு எடி கரண்ட் முறை, இரண்டும் சேர்ந்த கேஜ்தான் உங்களுக்குச் சரி. அளக்கும் முன் கோட்டிங் இல்லாத உங்கள் தகட்டிலேயே பூஜ்ஜியம் வையுங்கள், மெல்லிய தகட்டில் இல்லாவிட்டால் தப்பாகக் காட்டும். ஓரத்தை ஒட்டி அளக்காதீர்கள்.

பிடிப்புப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 2409-இல் உள்ள கட்டம் கீறும் சோதனை இருக்கிறது. கீறி, பசை டேப் ஒட்டி உரித்து, 0-விலிருந்து 5 வரை மதிப்பெண், 0-தான் நல்லது. நல்ல பாகத்தைக் கீறத் தேவையில்லை, அதே தகட்டில் வெட்டிய ஒரு சின்னத் துண்டை லாட்டோடு சேர்த்துத் தொங்கவிடச் சொல்லுங்கள், அதைக் கீறுங்கள். உங்கள் விஷயத்தில் அந்தத் துண்டில் லேசர் ஓரமும் இருக்கட்டும்.

ஒவ்வொரு மரைக்கும் போல்ட் விட்டுப் பார்ப்பது, எர்த் இடத்தில் மல்டிமீட்டர் வைப்பது, இதெல்லாம் பேக்கிங்குக்கு முன் ஐந்து நிமிட வேலை. பையின் மேல் பாகத்தின் எண், ட்ராயிங் ரிவிஷன், ஆர்டர் எண், எண்ணிக்கை. ரிவிஷனை விட்டுவிடாதீர்கள், பழைய ரிவிஷன் பாகமும் புதியதும் அங்கே ஒரே அலமாரியில் கலந்தால் தேடிப் பிரிப்பது யார்? மெட்டீரியல் சான்றிதழ், அதாவது இ.என். 10204-இன் 3.1 கேட்கிறார்கள் என்றால் தகட்டின் ஹீட் நம்பரை (ஆலையில் எந்த உருக்கில் வந்தது என்ற எண்) வெட்டும்போதே குறித்து வையுங்கள், கோட்டிங் ஆன பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு எல்லை பேசிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், எந்த முகத்தை என்று. வாடிக்கையாளர், நீங்கள், கோட்டிங்காரர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு நல்ல மாதிரியும், "இதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பலாம்" என்ற ஒரு மாதிரியும் உங்கள் பட்டறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார், அதே பாகத்தை இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார்.